ஒரே வாய்க்கால்காரர்கள்

ஆங்கிலத்தில் 'ரிவர்' என்றால் ஆறு, 'ரைவல்' என்றால் போட்டியாளர். எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். ரைவல் என்ற சொல் தண்ணீரிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், ரிவரிலிருந்துதான் வந்திருக்கும் என்று நாமும் தலையாட்டிவிடுவோம். அதில் பாதிதான் சரி. ரைவல் தண்ணீரில் பிறந்த சொல் என்பது உண்மை. ஆனால் ரிவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலில் ரிவரை முடித்துவிடலாம். லத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரையை ஒட்டிய நிலத்தை 'ரீபாரியா' என்றார்கள். அது பழைய பிரெஞ்சில் 'ரிவியேர்' ஆகி, நார்மன்களோடு இங்கிலாந்துக்குப் போய், 1300 வாக்கில் ஆங்கிலத்தில் குடியேறியது. போகும் வழியில் கரையைக் குறித்த சொல் கரைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இத்தாலி, பிரான்ஸ் கடலோரத்தை 'ரிவியரா' என்கிறார்களே, அங்கே மட்டும் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. 'அரைவ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே ரீபாவின் பிள்ளைதான்: கரை சேர்வது. படகில் வந்தவர்களுக்கு மட்டுமே ஒரு காலத்தில் அது பொருந்தியது, இன்று எழும்பூரில் வந்து நிற்கும் ரயிலுக்கும் அதையே சொல்கிறோம். காவிரி வழக்கின் ஆங்கில ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் 'ரைப்பேரியன் மாநிலங்கள்' என்பதும் கரை உரிமை உள்ள மாநிலங்கள்தான்.

ரைவல் பிறந்த வீடு வேறு. லத்தீனில் 'ரீவுஸ்' என்று ஒரு சொல். சிற்றோடைக்கும் அதுதான் பெயர், மனிதர் வெட்டிய வாய்க்காலுக்கும் அதுதான் பெயர். ஸ்பானிஷில் ஆற்றுக்கு வழங்கும் 'ரியோ' இதிலிருந்து வந்தது. ஆக, ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கும் ரைவலுக்கும் சொந்தம் உண்டு, ஆங்கில ரிவருக்கு இல்லை. சொற்பிறப்பில் ஓசையை மட்டும் நம்பிப் பெண் எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ரோமானியர்களுக்கு ரீவுஸ் என்பது கவிதையில் சலசலக்கும் ஓடை மட்டுமல்ல. ரோம் நகருக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கற்கால்வாய்களின் நீர்ப்பாதையையும் அப்படித்தான் அழைத்தார்கள். எல்லா ரீவுஸ்களையும் தான் பழுதுபார்த்துப் புதுப்பித்ததாக அகஸ்டஸ் பேரரசர் வெட்டிவைத்த கல்வெட்டு, ரோமில் பின்னாளில் போர்த்தா திபுர்த்தினா என்ற வாசலாக மாறிய வளைவின் மேல் இன்றும் இருக்கிறது. கி.பி. 97இல் ரோமின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரொன்டைனஸ் தன் நிர்வாக அனுபவத்தை ஒரு நூலாகவே எழுதிவைத்தார். அதில் அவருக்குப் பெரிய தலைவலி பொறியியல் அல்ல, திருட்டு. கால்வாய் போகும் வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் ஓட்டை போட்டுத் தங்கள் தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். ஊருக்கு வர வேண்டிய தண்ணீர் தோட்டங்களிலேயே நின்றுவிட்டது.

அதே நூலில் 'க்ராப்ரா' என்ற ஓடையைப் பற்றியும் எழுதுகிறார். ரோமுக்குத் தென்கிழக்கே துஸ்குலம் என்ற மலையூர். பெரிய மனிதர்கள் கோடையைக் கழிக்க மாளிகை கட்டிவைத்திருந்த ஊர். அங்கிருந்த பண்ணைகளுக்கெல்லாம் க்ராப்ரா தண்ணீர் முறைவைத்து, இன்னாருக்கு இன்ன நாள், இவ்வளவு அளவு என்று பிரித்து விடப்பட்டது. நம் ஊரில் முறைத்தண்ணீர் என்கிறோமே, அதேதான். புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசெரோவுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. க்ராப்ரா தண்ணீருக்காகத் துஸ்குலம் ஊராட்சிக்குத் தான் வரி கட்டுவதை அவரே ஒரு பேச்சில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்.

இந்த ரீவுஸோடு 'ஆலிஸ்' என்ற விகுதியைச் சேர்த்தால் 'ரீவாலிஸ்'. வாய்க்காலுக்குரியவன், வாய்க்கால்காரன். பன்மையில் 'ரீவாலேஸ்': ஒரே வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள். இது ஊகம் அல்ல, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் பழைய சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் திரட்டி 'டைஜஸ்ட்' என்ற பெயரில் 50 பகுதிகளாகத் தொகுக்கச் செய்தார். அதன் 43ஆம் பகுதியில் தினசரித் தண்ணீர், கோடைத் தண்ணீர் பற்றி ஓர் அத்தியாயம். அங்கே 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் சொல்வது இது: ரீவாலேஸ், அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுபவர்கள், தங்களுக்குள் தகராறு செய்து, தண்ணீர் தனக்குத்தான் என்று இருவருமே சொன்னால், இருவருக்குமே நீதி அதிகாரியிடம் தடையாணை கேட்கும் வழி உண்டு.

அந்த லத்தீன் வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பார்த்துவிட வேண்டும். 'கொம்பெத்தித்'. இங்கே அதன் பொருள் 'உரியதாகிறது'. இருவருக்கும் அந்த உரிமை சேர்கிறது என்பது கருத்து. ஆங்கிலத்தில் போட்டியிடுவதைக் குறிக்கும் 'கம்ப்பீட்' இந்த வினையிலிருந்து வந்ததுதான். ரைவலும் கம்ப்பீட்டும் ஒரே வாக்கியத்தில், இரண்டும் இன்றைய பொருள் இல்லாமல், ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கின்றன.

வாய்க்கால் தண்ணீர் எப்படிப் பிரிந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் சூடு புரியும். டைஜஸ்டின் அதே அத்தியாயத்தில் பொம்போனியஸ் என்பவரின் விதி ஒன்று உண்டு: பகல் மணிக்கணக்கிலோ இரவு மணிக்கணக்கிலோ முறை உள்ளவன், தன் மணி தவிர வேறு மணியில் தண்ணீர் எடுக்க முடியாது. இந்த மணிக்கணக்கு வெறும் ஏட்டுச் சட்டமாக நிற்கவில்லை. இன்றைய அல்ஜீரியாவில் பாத்னா நகருக்கு அருகே லமஸ்பா என்ற பழைய ரோமானிய ஊர் இருந்தது. கி.பி. 218 முதல் 222 வரை ஆண்ட எலகபாலஸ் காலத்தில் அங்கே ஒரு தண்ணீர்ப் பட்டியலைக் கல்லில் வெட்டினார்கள். நிலக்காரரின் பெயர், அவருடைய பங்கு, எந்த நாள் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று வரிசையாகப் போகிறது. சிலருக்குப் பகலில் தொடங்கி இரவுக்குள் நீளும் முறை. வாசிக்கும்போது மண்வெட்டியும் விளக்குமாக ராத்திரியில் மடையண்டை நின்றவர்களின் வருகைப் பதிவேடு மாதிரியே தோன்றுகிறது.

ஒரு சிக்கல். ரோமானிய மணி நம் கடிகார மணி அல்ல. சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை உள்ள நேரத்தை, கோடையோ குளிர்காலமோ, பன்னிரண்டாகப் பங்கிட்டார்கள். லமஸ்பா இருக்கும் அட்சரேகையில் நெடும்பகல் நாளில் பகல் மணி ஒன்று இன்றைய கணக்கில் 70 நிமிடத்துக்கு மேல் வரும். குளிர்காலத்தில் 50 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். இரவு மணிக்கு நேர் எதிர். இன்ன மணிக்கு மடை மாற்றியாகிவிட்டதா இல்லையா என்று பக்கத்து வயல்காரரோடு வாதாட இதைவிட வசதியான கடிகாரம் கிடைக்காது.

ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் படுகையில் ஆகோன் என்ற சிற்றூரில் 1993இல் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. ஹாட்ரியன் பேரரசர் காலத்தது. அது ஒரு வாய்க்காலின் சட்டதிட்டம், அந்த வாய்க்காலின் பெயரிலேயே 'ரீவுஸ்' இருக்கிறது. பாசனக்காரர்கள் கூடிப் பேசி பெரும்பான்மையாக முடிவெடுக்க வேண்டும். வாக்கு ஆளுக்கு ஒன்று அல்ல, தண்ணீர்ப் பங்கின் அளவுக்கு ஏற்ப. தூர்வாருவது எல்லாருக்கும் கடமை, தவறினால் தண்டம். நம் குடிமராமத்தை ஒருவர் லத்தீனில் எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. கூடவே தெரிவது இன்னொன்று: ரீவாலேஸ் என்பவர்கள் சண்டைக்காரர்கள் மட்டும் அல்ல. சேர்ந்து கூட்டம் போட்டு, சேர்ந்து தூர்வாரி, அதற்கு நடுவில்தான் சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

சரி, வாய்க்கால்காரன் எப்படிக் காதல் போட்டியாளன் ஆனான்?

லத்தீன் இலக்கியத்தில் ரீவாலிஸ் மிகப் பழைய இடங்களிலேயே பெரும்பாலும் பெண் விஷயத்தில்தான் வருகிறது. ஒரே பெண்ணை இரண்டு ஆண்கள் விரும்பினால் அவர்கள் ரீவாலேஸ். ஒரே ஓடை, இரண்டு வாய் என்ற நையாண்டி. நாடக மேடைக்கு ஏற்ற நையாண்டிதான். கி.மு. 200இல் ரோமில் நடிக்கப்பட்ட பிளாட்டஸின் 'ஸ்டிக்கஸ்' நாடகத்தில் ஸ்டிக்கஸ், சங்கரைனஸ் என்று இரண்டு அடிமைகள். இருவருக்கும் காதலி ஒருத்திதான், பெயர் ஸ்டெஃபானியம். நாங்கள் ரீவாலேஸ் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். வெட்டுக்குத்து எதுவும் இல்லை. கடைசியில் ஒரே கோப்பையில் குடித்து, ஆடிப்பாடி நாடகத்தை முடிக்கிறார்கள். ரீவாலேஸ் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று அரங்கம் முழுவதும் எதிர்பார்த்ததால்தான் அந்தக் கூத்துக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதே சமயம், பங்கு போட்டுக்கொள்பவர்கள் என்ற பழைய பொருளும் அதில் உயிரோடு இருக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சொல் இன்னும் தளர்ந்துவிட்டது. கி.மு. 54இல் சிசெரோ தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் ஹிர்ருஸ் என்ற அரசியல்வாதியைக் கிண்டல் செய்கிறார்: மனிதர் தன்னையே காதலிக்கிறார், அந்தக் காதலில் அவருக்கு ஒரு ரீவாலிஸ்கூட இல்லை. தண்ணீருக்கு வரி கட்டிய அதே சிசெரோ, வாய்க்காலை மறந்துவிட்டு இந்தச் சொல்லைக் கையாள்கிறார்.

சந்தேகப் பேர்வழி ஒருவர் இங்கே குறுக்கிட்டால் நியாயம்தான். நாடகம் கி.மு. 200, சட்ட வாசகமோ அதற்கு நானூறு ஆண்டு பிந்தியது. அப்படியானால் தண்ணீர்ப் பொருள்தான் மூத்தது என்று எப்படிச் சொல்வது? முதல் விடை சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. ரீவுஸ் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது காதலிலிருந்து தொடங்கி வாய்க்காலுக்குப் போக வழி இல்லை, வாய்க்காலிலிருந்து காதலுக்கு வரலாம். இரண்டாவது, உல்பியனின் அந்த 'அதாவது'. ரீவாலேஸ் என்று எழுதிவிட்டு, அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுபவர்கள் என்று விளக்கம் சேர்க்கிறார், அல்லது அவர் நூலைத் தொகுத்தவர்கள் சேர்க்கிறார்கள். எல்லாரும் அறிந்த பொருளுக்கு யாரும் விளக்கம் எழுத மாட்டார்கள். அதற்குள் தெருவில் ரீவாலிஸ் என்றாலே காதல் எதிரி என்று ஆகிவிட்டது, பழைய பொருளுக்குப் பொழிப்புரை வேண்டியிருந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

பழைய லத்தீன் உரைகாரர்களிடம் வேறொரு கதையும் உண்டு. தாகத்தோடு ஓடைக்கு வரும் காட்டு விலங்குகள் அங்கே எதிரெதிரே நின்று முட்டிக்கொள்ளும், அதனால்தான் போட்டிக்காரருக்கு அந்தப் பெயர் என்பார்கள். அழகான படம்தான். ஆனால் மானும் பன்றியும் தடையாணை கேட்டுப் போனதில்லை. சட்டப் புத்தகமும் லமஸ்பா கல்லும் நிலக்காரர்களைத்தான் காட்டுகின்றன, என் வாக்கு அவர்களுக்கே.

ஆங்கிலத்துக்கு ரைவல் வந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வந்த புதிதில் அதற்கு இரண்டு முகமும் இருந்தன. ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்ளலாம். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் ஹெர்மியாவின் பின்னால் சுற்றும் லைசாண்டரும் டெமெட்ரியஸும் பிளாட்டஸ் காலத்துப் பொருளில் ரைவல்கள். 'ஹாம்லெட்' தொடக்கக் காட்சியிலோ வேறு. நள்ளிரவுக் காவலுக்கு வரும் பெர்னார்டோ, காவல் முடிந்து போகும் ஃபிரான்சிஸ்கோவிடம், ஹொரேஷியோவையும் மார்செல்லஸையும் வழியில் பார்த்தால் சீக்கிரம் வரச் சொல் என்கிறான். அப்போது அவர்களைத் தன் காவலின் 'ரைவல்கள்' என்று குறிப்பிடுகிறான். அவர்கள் அவனுக்கு எதிரிகள் அல்ல, கூடக் காவல் காக்க வரும் நண்பர்கள். 1603இல் அச்சான முதல் குவார்ட்டோ பதிப்பில் அந்த இடத்தில் 'கூட்டாளிகள்' என்ற பொருள்படும் 'பார்ட்னர்ஸ்' இருக்கிறது. 1604இல் வெளிவரத் தொடங்கிய இரண்டாம் குவார்ட்டோவிலும் 1623 ஃபோலியோவிலும் 'ரைவல்ஸ்'. ஒரே வரிக்கு இரண்டு பாடம், இரண்டும் ஒரே பொருள். 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா'வில் சீசர் லெபிடஸுக்குச் சம பங்கு தர மறுத்ததைச் சொல்லவும் 'ரைவாலிட்டி' வருகிறது. போட்டி அல்ல, கூட்டு. அதன் பிறகு ஆங்கிலத்தில் இந்தக் கூட்டாளி முகம் மறைந்துபோனது. மாணவர்கள் ஹாம்லெட் படிக்கும்போது அடிக்குறிப்பு பார்த்தால்தான் தெரியும்.

பங்கு உள்ளவன் பகையாவது லத்தீனுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. சமஸ்கிருதத்தில் 'பிராத்ருவ்ய' என்றால் அப்பாவுடன் பிறந்தவரின் மகன். அதே சொல்லுக்குப் பகைவன் என்றும் பொருள். இரண்டு பொருளையும் பாணினி தனித்தனிச் சூத்திரத்தில் கவனித்திருக்கிறார். எதிரியைக் குறிக்கும் 'சபத்ன' என்ற சொல்லோ, கணவனைப் பங்கிடும் 'சபத்னி'யிலிருந்து, அதாவது சக்களத்தியிலிருந்து, உருவானது. காதல் ரீவாலேஸுக்கு இது நேர் மறுபுறம்: இங்கே இரண்டு பெண்கள், ஒரு ஆண்.

தமிழில் எங்கும் தேட வேண்டாம், பங்காளி இருக்கிறான். தாத்தா சொத்தில் பங்கு உள்ளவன், ஒரே கிணற்றில் நமக்கு நான்கு நாள் என்றால் அவனுக்கு மூன்று நாள் தண்ணீர் இறைப்பவன், வரப்பைச் சாண் சாணாக வெட்டி உள்ளே வருகிறவன். மாமன் மச்சானோடு கேலி, பங்காளியோடு பாகப்பிரிவினை. பங்காளிக் காய்ச்சல், தாயாதிக் காய்ச்சல் என்று நோய்க்கே பெயர் வைத்திருக்கிறோம். ரீவாலிஸ் காதல் பக்கம் போனான், நம் பங்காளி குடும்பத்தோடு நின்றுவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பயணம் இங்கேயும் ஒரே திசையில் இல்லை. இன்றைய சினிமாவிலும் டீக்கடையிலும் நண்பனைத் தோளில் தட்டி 'வாடா பங்காளி' என்கிறார்கள். ஹொரேஷியோவும் மார்செல்லஸும் அந்த வகைப் பங்காளிகள்.

ரீவுஸின் மற்றப் பிள்ளைகளையும் பார்த்துவிடலாம். ஓடையிலிருந்து வாய்க்கால் பிரித்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்புவதற்கு லத்தீனில் 'தேரீவாரே'. ரோமானிய இலக்கணக்காரர்கள் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லைப் பிரித்தெடுப்பதற்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது 'டெரைவ்', 'டெரிவேஷன்'. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே ஆங்கிலத்தில் வாய்க்கால் பேச்சுதான். கணக்கில் அது 'டெரிவேட்டிவ்' ஆனது, பங்குச் சந்தைக்கும் போனது. அடிப்படையில் உள்ள பங்கு அல்லது குறியீட்டின் மதிப்பிலிருந்து தன் மதிப்பைத் திருப்பிக்கொள்ளும் ஒப்பந்தம் என்பதால் அந்தப் பெயர். இந்தியாவில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் வணிகம் 2000 ஜூனில் தொடங்கியது. அந்த வாய்க்காலில் மடை திறந்தவர்கள் பலர், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்.

ரீவுஸுக்கும் பின்னால், லத்தீன் பிறப்பதற்கு முன்பே, 'ஓடு, பாய்' என்ற பொருளில் ஒரு இந்தோ-ஐரோப்பிய வேர் இருந்ததாக மொழியியலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஓடும் ரைன் ஆற்றின் பெயர் அந்த வேரிலிருந்து. சமஸ்கிருதத்தில் அதே வேர் 'ரீதி' என்று வருகிறது. வேத மொழியில் ரீதி என்றால் நீரோட்டம், பாய்ச்சல். பிறகு போக்கு, முறை, நடை என்று பொருள் அகன்றது. அந்த அகன்ற பொருளில்தான் அது தமிழுக்கு வந்தது. தண்ணீர்த் தகராறில் பேச்சு முற்றும்போது, 'சரி, சட்ட ரீதியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோமே, அந்த ரீதி ரைவலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.